ரன் மெனிகே ஏறினால் ஏறும் முள்

கிரிபண்டா அண்ணனின் வேனுக்கு எங்கள் சந்தில் தவளை என்று பெயர். பச்சை நிறம், முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் இரண்டு விளக்குகள், ஏற்றத்தில் கியர் மாற்றும்போதெல்லாம் ஓர் எகிறல். இங்கிலாந்தில் பிறந்து, ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்தில் உழைத்துக் கிழடாகி, வெளிநாட்டு வண்டி எதுவும் நாட்டுக்குள் வராமலிருந்த எழுபதுகளில் அண்ணனின் கைக்கு வந்து சேர்ந்தது. அரசாங்க பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் அந்த வேலையை விட்டுவிட்டு வந்து தவளையைக் கழுவிய நாளை எங்கள் கலகெதரவில் பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள்.

நான் அப்போது கூட்டுறவுக் கடையில் துணி அளந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. அண்ணனின் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு செவ்வரளி வேலி மட்டும்தான். அதனால் அண்ணனின் மனைவி ரன் மெனிகே அக்காவை நான் நாளெல்லாம் பார்ப்பேன், பார்க்காத நேரத்தில் கேட்பேன். குரல் அப்படி.

தவளை பெரும்பாலும் யாத்திரைக்குத்தான் போகும். பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு அனுராதபுரம், தம்புள்ளை, மகியங்கனை. அண்ணன் ஓட்டுவார். மற்ற எல்லாம் அக்கா. யாருக்கு வாந்தி வரும், யாரை ஜன்னல் பக்கம் உட்கார வைக்கவேண்டும், எந்த ஊரில் நல்ல தண்ணீர், பாற்சோற்றுப் பொட்டலத்தை எங்கே பிரிக்கலாம் என்பதெல்லாம் அக்காவின் கணக்கு. விகாரை வெள்ளையாகத் தூரத்தில் தெரிந்ததும் கைகூப்பி "சாது" சொல்லத் தொடங்குவதும் அக்காதான். முன் இருக்கையில், அண்ணனுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் இரும்புப் பெட்டி போட்டு மூடிய எஞ்சின். அதன் சூட்டில் அக்காவின் வெற்றிலை எப்போதும் வாடித்தான் இருக்கும்.

ஒரு வருஷம் வெசாக் என்னும் வைகாசிப் பௌர்ணமிக்குத் தம்புள்ளை போகும்போதுதான் முதல் தடவை முள் துள்ளியது. ஒரு மாட்டு வண்டியை முந்திக்கொண்டு போனார் அண்ணன். எஞ்சின் சூடு காட்டும் மீட்டரில், எப்போதும் நடுவில் தூங்கிக்கொண்டிருக்கும் முள் சட்டென்று வலது ஓரத்துக்குப் போய் முட்டி நின்றது. வலது ஓரம் என்றால் கொதி.

"ஐயோ, தண்ணி கொதிச்சிருச்சு!" என்று அண்ணன் வேனை ஓரம் கட்டினார். எல்லோரும் இறங்கினோம். பெட்டியைத் திறந்து பார்த்தால் ஆவியும் இல்லை, வாசனையும் இல்லை. திரும்பி வந்து பார்த்தார். முள் நடுவில் இருந்தது, ஒன்றுமே நடக்காதது மாதிரி.

அன்றைக்கு அப்படி நான்கைந்து தடவை இறங்கி ஏறியிருப்போம். கும்பிடப் போன இடத்துக்கு மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தோம்.

வண்டி ஜஸ்டின் பாஸிடம் போனது. எங்கள் பக்கம் மெக்கானிக்கை பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். ஜஸ்டின் பாஸ் அம்பலாங்கொடைக்காரர். கண்டிப் பக்கம் பெண் எடுத்து, எங்கள் ஊரிலேயே பட்டறை போட்டுக்கொண்டவர். பேசும்போது பாதிச் சொல்லை விழுங்கிவிடுவார். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார். சூடேறினால் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டு, வாய் திறக்கிறதா என்று எங்களுக்கே காட்டினார். எஞ்சின் தலையில் திருகியிருக்கும் பித்தளைக் குமிழ்தான் சூட்டை உணர்ந்து மீட்டருக்குச் சொல்லுமாம். கண்டியில் தேடி அதையும் புதிதாக வாங்கிப் போட்டார்.

"மீட்டர் செத்துப்போச்சோ என்னமோ?" என்றார் அண்ணன்.

"அதையும் பாத்துருவோம்" என்று குமிழிலிருந்து வயரை உருவினார் பாஸ். முள் இடது ஓரத்துக்கு, குளிருக்கு, விழுந்தது. வயரின் நுனியை எஞ்சின் இரும்பில் தொட்டார். வலது ஓரத்துக்குப் பாய்ந்தது. "பாத்தீங்கல்ல? மீட்டர் சாகல. சொல்றதச் சொல்லுது. யார் அதுக்குப் பொய் சொல்லிக் குடுக்கிறாங்கன்னுதான் தெரியல. தண்ணி அப்படி ஒரு நிமிஷத்துல கொதிச்சு ஒரு நிமிஷத்துல ஆறாது அண்ணே. அது அடுப்பில்ல, அணைக்கிறதுக்கு."

பாஸே வண்டியை எடுத்துக்கொண்டு மாவத்தகமை இறக்கத்தில் போய் வந்தார். முள் அசையவில்லை. அண்ணனோடு போய் வந்தார். அசையவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்து அடுத்த போயாவுக்குக் கிளம்பினோம். ஊர் எல்லை தாண்டவில்லை, முதல் வளைவிலேயே துள்ளியது.

இப்படி இரண்டு மூன்று மாதம் போனது. யாரோ சொன்னார்களென்று அக்கா முன்கண்ணாடியில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டினாள். அதுவும் ஆடிக்கொண்டு கிடந்தது, முள்ளும் ஆடிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு ஒரு யாத்திரைக்கு அக்கா காய்ச்சலில் படுத்துவிட்டாள். அன்றைக்கு அனுராதபுரம் போய்த் திரும்பும்வரை முள் நடுவை விட்டு நகரவில்லை. எங்கள் ஊரில் யாத்திரைக்கு ஆள் சேர்ப்பவர் ஹேரத் ஹாமி. முன்னாள் கிராமத் தலைவர், வெள்ளை மீசை, பேச்சுக்குப் பேச்சு தொண்டையைச் செருமிக்கொள்வார். திரும்பும் வழியில், தேநீர் குடிக்க நிறுத்தின இடத்தில், அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இந்தத் தடவ மெனிகே வரல. முள்ளும் ஏறல. பாத்தீங்களா?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அண்ணனும் உதட்டால் சிரித்துவிட்டு டயரைப் பார்க்கப் போனார்.

அடுத்த போயாவுக்கு அக்கா வந்தாள். முள்ளும் வந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வண்டியை விட்டு இறங்கி நின்றபோது ஹேரத் ஹாமி செருமினார். "சில பேரோட பார்வை மனுஷனுக்கு ஆகாது. சில பேருது இயந்திரத்துக்கு ஆகாது. பிள்ள குட்டி இருக்கிற பொம்பளன்னா அது வேற." அக்காவுக்குப் பிள்ளை இல்லை. பின்னால் நின்ற பெண்களில் இரண்டு மூன்று பேர் தலையாட்டியதை நான் பார்த்தேன். அண்ணன் அப்போதும் பக்கத்தில் நின்று டயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். அன்றைக்கு விகாரை தெரிந்தபோது "சாது" சொல்லத் தொடங்க ஆளில்லை.

இரண்டு நாள் கழித்து வேலியைத் தாண்டிப் போனேன். அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவிய பூ கிண்ணத்தை நிரப்பி வெளியே சிந்தியது. ஆனாலும் துருவிக்கொண்டே இருந்தாள்.

"இத்தன தேங்கா யாருக்கு அக்கா?"

"யாருக்கோ." நிமிரவில்லை. "லதா, நான் இனிமே அந்த வேன்ல ஏறப்போறதில்ல. என்னால அந்த மனுஷனோட பொழப்பு கெட வேணாம். ஹாமி அடுத்த தடவைக்கு வேற வண்டி பாக்கிறாராம், உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். எங்கள் கடையில் வைத்துத்தான் பேசினார்கள்.

"அண்ணன் என்ன சொன்னார்?"

"அவரா? அவர் வண்டி ஓட்டுவார். வேற என்ன சொல்வார்?"

அண்ணன் தயங்கிக்கொண்டு பின்கதவுப் பக்கம் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கையில் கழுவின சட்டை. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. சட்டையைக் கொடியில் போடாமல் தோளில் போட்டுக்கொண்டே பட்டறைப் பக்கம் நடந்தார்.

அன்று சாயங்காலம் வேன் அவர்கள் வாசலில் வந்து நின்றது. பின்னால் ஜஸ்டின் பாஸ் உட்கார்ந்திருந்தார். அண்ணன் இறங்கிவந்து அக்காவைக் கூப்பிட்டார்.

"மெனிகே, வா. ஒரு சுத்து போய்ட்டு வரலாம்."

"எதுக்கு? முள்ள ஏத்துறதுக்கா?"

"ஆமா. அதுக்குத்தான். நீ இல்லாம அது ஏறாது. நீ ஏறு, இன்னைக்கு என்னான்னு பாத்துருவோம்."

அக்கா அண்ணனையே பார்த்தாள். அப்புறம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தாள். "லதா வந்தா வாரேன். நீங்க ரெண்டு ஆம்பளையும் சேந்து கடைசில என்னத்த சொல்வீங்களோ, கேக்கிறதுக்கு ஒரு சாட்சி வேணும்."

போனேன். நானும் பாஸும் நடு இருக்கையில். அண்ணன் புறப்படும் முன் திரும்பி, "பாஸ், நீ முள்ளப் பாக்காத. முள்ள நான் பாத்துக்கிறேன். நீ மத்த எல்லாத்தயும் பாரு" என்றார்.

மாவத்தகமைக்கு இறங்கும் பாதை. முதல் வளைவு சும்மா போனது. இரண்டாவது வளைவில், பாதையை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு பஸ் மேலே ஏறி வந்தது. அண்ணன் ஓரமாக ஒடித்தார். அக்கா மூச்சை இழுத்தாள்.

"ஏறிருச்சு!" என்றார் அண்ணன்.

"நிறுத்துங்க அண்ணே! நிறுத்துங்க!" பாஸ் என் தோள்மேல் விழாத குறையாக முன்னால் எட்டிப் பார்த்தார். "அக்கா, இப்ப என்ன பண்ணீங்க?"

"நான் என்ன பண்ணேன்? பஸ் வந்துச்சு."

"பஸ் வந்தப்ப என்ன பண்ணீங்க?"

"பயந்தேன்."

"அது எனக்கும்தான். காலால என்ன பண்ணீங்க?"

அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள். வலது கால், முன்னால் இருந்த தகரத்தில், பாதம் முழுக்கப் பதிய ஊன்றியிருந்தது. பெருவிரல் வெளுத்துப் போகும் அளவுக்கு. தனக்கே தெரியாமல் மிதித்திருக்கிறாள்.

"எடுங்க காலை" என்றார் பாஸ்.

எடுத்தாள். முள் நடுவுக்கு வந்தது.

"மிதிங்க."

மிதித்தாள். முள் கொதிக்குப் போனது.

"எடுங்க... மிதிங்க... எடுங்க."

முள் அக்காவின் காலுக்குத் தாளம் போட்டது. பாஸ் இறங்கி ஓடிவந்து அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து, திருப்புளியால் தகரத்தைக் கழற்றினார். குமிழிலிருந்து மீட்டருக்குப் போகும் வயர் அந்தத் தகரத்தில் ஓர் ஓட்டை வழியாகத்தான் போனது. ஓட்டைக்கு ஒரு காலத்தில் ரப்பர் வளையம் இருந்திருக்க வேண்டும். அது எப்போதோ உதிர்ந்துபோய், தகரத்தின் விளிம்பு வயரின் தோலை அறுத்திருந்தது. தகரத்தை மிதித்தால் செம்பும் இரும்பும் தொட்டுக்கொள்ளும். பட்டறையில் பாஸ் நுனியைப் பிடித்து எஞ்சினில் தொட்டுக் காட்டியதைத்தான் அக்காவின் கால் வளைவுக்கு வளைவு செய்துகொண்டிருந்திருக்கிறது.

"பண்டா அண்ணே" என்றார் பாஸ், "உங்க வண்டிக்கு ரெண்டு பிரேக். ஒண்ணு உங்க பக்கம், ஒண்ணு அக்கா பக்கம்."

அண்ணன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பாஸும் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. அக்காவும் சிரிக்கத்தான் தொடங்கினாள். பாதியில் அது வேறு சத்தமாக மாறிவிட்டது.

"சிரிங்க. நல்லா சிரிங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "பாஸுக்கு என் கால் தெரிஞ்சுது. வருஷக்கணக்கா பக்கத்துல உக்காந்து வண்டி ஓட்டுற மனுஷனுக்குத் தெரியல. அந்தக் கிழவன் என்னயப் பத்தி அப்படிப் பேசினானே, பக்கத்துலதான நின்னீங்க? ஒரு வார்த்த சொன்னீங்களா?"

அண்ணனின் சிரிப்பு நின்றது. ஸ்டியரிங்கிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"சொல்லல" என்றார். "சொல்லியிருக்கணும்."

பாஸ் பழைய சைக்கிள் ட்யூப் ஒரு துண்டு எடுத்து வயரில் சுற்றப் போனார். அண்ணன் கையைப் பிடித்தார்.

"இன்னைக்கு வேணாம் பாஸ். நாளைக்குப் போடு."

மறுநாள் காலையில் தவளை அரசமரச் சந்திக்குப் போய் நின்றது. பேப்பர் படிக்கிற ஆட்கள், பால் ஊற்ற வந்தவர்கள், கூட்டுறவுக் கடை திறக்கக் காத்திருந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். நான் சாவியோடு கடை வாசலில் நின்றேன். அண்ணன் ஹேரத் ஹாமியிடம் போய் மரியாதையாகக் கும்பிட்டார்.

"ஹாமி, கொஞ்சம் வண்டியில ஏறி உக்காருங்க. பெரியவங்க உக்காந்தா முள் எப்படி இருக்குன்னு பாக்கணும்."

ஹாமிக்கு அந்த மரியாதை பிடித்திருந்தது. முன் இருக்கையில் ஏறி மீசையைத் தடவிக்கொண்டார். எஞ்சின் ஓடியது. ஆட்கள் சுற்றிக் கூடினார்கள்.

"நடுவுலதான் இருக்கு" என்றார் ஹாமி.

"அப்படியா? காலை நீட்டி அந்தத் தகரத்த ஒரு மிதி மிதிங்க ஹாமி."

மிதித்தார். முள் பாய்ந்தது. ஹாமி காலை இழுத்துக்கொண்டார். முள் திரும்பி வந்தது. நம்ப முடியாமல் இன்னொரு தடவை மிதித்தார். மறுபடி பாய்ந்தது.

"இப்ப இது யாரோட பார்வை ஹாமி?" அண்ணனின் குரல் உயரவில்லை. "உங்களுக்குத்தான் அஞ்சு பிள்ள இருக்கே."

பால்காரன்தான் முதலில் சிரித்தான். அப்புறம் சந்தி முழுக்கச் சிரித்தது. ஹாமி செருமிக்கொண்டே இறங்கி, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

அக்கா அங்கே இல்லை. நான்தான் போய்ச் சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பத் திரும்பக் கேட்டாள். "கும்பிட்டாரா? மொதல்ல கும்பிட்டாரா?" என்று அதை மட்டும் நாலு தடவை கேட்டாள். அன்றைக்கு அண்ணனுக்குப் பிடித்த பலாக்காய்க் கறி.

பாஸ் அன்றைக்கே வயரில் ட்யூபைச் சுற்றிவிட்டார். ஹாமி வேறு வண்டி பார்க்கவில்லை. அடுத்த மாதம் மகியங்கனை யாத்திரை தவளையில்தான். கும்பிட்டுத் திரும்பும்போது உச்சி வெயில். ஹசலகையைத் தாண்டி, பதினெட்டு வளைவுப் பாதையில் ஏறத் தொடங்கினோம். கீழே மகாவலிச் சமவெளி புகைபோலக் கிடந்தது. வேனில் பாதிப் பேர் தூக்கம்.

"ஏங்க, முள் ஏறுது" என்றாள் அக்கா.

"கால எடு மெனிகே."

பின்னால் ஒரே சிரிப்பு. தூங்கினவர்களும் எழுந்து சிரித்தார்கள். அந்த ஒரு மாதமாக ஊரில் அதுதான் பேச்சு. யார் எதற்குப் பயந்தாலும், "கால எடு" என்பார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. "காலா? பாருங்க." இரண்டு கால்களையும் மடக்கி இருக்கைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். "இது துள்ளல. நடந்து வருது. கீழ பாலத்துகிட்ட நடுவுல இருந்துச்சு. ரெண்டு வளைவுக்கு முன்ன கொஞ்சம் தள்ளி இருந்துச்சு. இப்ப பாருங்க. இத்தன மாசம் அதையேதான பாத்துகிட்டு வந்தேன்? பொய் சொன்னப்பல்லாம் அது குதிச்சுது. இது குதிக்கல. நிறுத்துங்க."

"இன்னும் கொஞ்சந்தான், மேல போய்..."

"நிறுத்துங்கன்னேன்!"

அண்ணன் நிறுத்தினார். எஞ்சினை அணைத்த பிறகும் பெட்டிக்குள் ஏதோ முனகியது. மூடியைத் தூக்கியதும் ஆவி அவர் முகத்தில் அடித்தது. ரேடியேட்டரின் அடிப்பக்க ரப்பர் ஹோஸ், கவ்வி இறுக்கியிருந்த இடத்தில் பிளந்து, தண்ணீர் வழியெல்லாம் ஒழுகியிருந்தது. பின்னால் எட்டிப் பார்த்தோம். தார் ரோட்டில் வளைவு வளைவாக ஈரக் கோடு. இன்னும் இரண்டு வளைவு ஏறியிருந்தால் எஞ்சின் தலை வெடித்திருக்கும் என்று பிறகு ஜஸ்டின் பாஸ் சொன்னார். தண்ணீர் முழுக்க வடிந்துவிட்டால் குமிழைத் தொடத் தண்ணீர் இல்லாமல் முள் இறங்கிக்கூட இருக்குமாம். அப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து ஓட்டிக்கொண்டே போயிருப்பார்களாம்.

ஆறும்வரை யாரும் மூடியைத் தொடக்கூடாது என்று அக்கா கட்டளை போட்டாள். மர நிழலில் மிச்சமிருந்த சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தோம். அண்ணன் ஹோஸின் பிளந்த நுனியைக் கத்தியால் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை இழுத்து மாட்டி இறுக்கினார். பாதைக்கு மேலே ஒரு நீரோடை இருந்தது. பிள்ளைகள், பெண்கள், வெள்ளை உடுத்த உபாசகர்கள் எல்லாரும் கிடைத்த பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஹேரத் ஹாமி, விளக்குக்குக் கொண்டுபோன எண்ணெய்த் தகரத்தை அலசி, அதில் தண்ணீர் சுமந்து வந்தார். அக்காவிடம் நீட்டினார்.

"இது போதுமா மெனிகே?"

"இன்னும் ஒரு தடவ போய்ட்டு வாங்க" என்றாள் அக்கா.

போய் வந்தார்.

அந்த யாத்திரைகளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பாற்சோற்றின் வாசனையோ விகாரையோ இல்லை. அந்த வளைவில், மர நிழலில், எல்லோரும் ஈரக் கையோடு உட்கார்ந்திருந்த மத்தியானம்தான். யாருக்கும் அவசரமில்லை. யாரோ கவிப் பாட்டு ஒன்று பாடினார்கள். அண்ணன் அக்காவின் வெற்றிலைப் பையிலிருந்து தானே ஒரு வெற்றிலை எடுத்து மடித்து அவளிடம் கொடுத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

தவளை அதன்பிறகும் பல வருஷம் ஓடியது. புது வண்டிகள் நாட்டுக்குள் வரத் தொடங்கியதும் யாத்திரைக்காரர்கள் ஜப்பான் வேன்களுக்குப் போனார்கள். அண்ணனுக்கு முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. குருநாகலிலிருந்து ஒரு செங்கல் வியாபாரி வந்து தவளையை வாங்கிக்கொண்டு போனார். நான் அதற்கு முன்னமே கல்யாணமாகி மாத்தளைக்குப் போய்விட்டேன். ஊருக்கு வரும்போது வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பேன்.

அப்படி ஒரு தடவை போனபோது இரண்டு பேரும் அப்போதுதான் மகியங்கனை போய்த் திரும்பியிருந்தார்கள். பஸ்ஸில். அண்ணன் வாசல் படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"லதா, ஒரு அதிசயம் கேளு" என்றார். "கண்டியில பஸ் ஏறினா. தெல்தெனியகூட வரல, தூங்கிட்டா. பதினெட்டு வளைவும் தூக்கம். பஸ்காரன் என்னமா ஒடிச்சு ஒடிச்சு இறக்கினான் தெரியுமா? நான் கம்பியப் பிடிச்சுகிட்டு உக்காந்திருக்கேன். இவ என் தோள்ல எச்சி வழியத் தூங்குறா. நம்ம வேன்ல இத்தன வருஷம் வந்தாளே, ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கண்ண மூடினதில்ல. பஸ்ல போனப்பதான் எனக்கு அது தெரிஞ்சுது."

அக்கா உள்ளேயிருந்து தேநீரோடு வந்தாள். "பஸ்ல நான் எதுக்கு முழிச்சிருக்கணும்? அங்க ஓட்டுறது இவர் இல்லையே" என்றாள். கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, அண்ணனின் முழங்காலுக்கு எண்ணெய் சுடவைக்க உள்ளே போனாள்.